மாற்றாந்தந்தை தத்தெடுப்பு: கேரிங்ஸ் சேவை எப்படி, பிள்ளையின் பென்ஷன் என்ன ஆகும்?

காரா எனப்படும் மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையம் நடத்தும் இணையதளம் கேரிங்ஸ். அதில் அம்மாவின் இரண்டாம் கணவர், அவரது முதல் கணவரின் பிள்ளையைத் தத்தெடுக்கப் பதிவு செய்யும் வசதியைத்தான் இங்கே மதிப்பிடுகிறோம். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் அவசரப்பட்டு வரிசை மாற்றிச் செய்தால் பிள்ளையின் பென்ஷன் சிக்கலில் மாட்டும். அதனால் இணையதளத்தை மட்டும் பார்த்து மதிப்பெண் போட முடியாது, பென்ஷன் கணக்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. இந்தச் சந்தேகத்தை ஆங்கிலத்தில் தேடினால் "மாற்றாந்தந்தை தத்தெடுத்தாலும் பிள்ளையின் உதவித்தொகை நிற்காது" என்ற பதில் தடையில்லாமல் வரும். அமெரிக்க சோஷியல் செக்யூரிட்டியைப் பொறுத்தவரை அது சரி. அங்கே இறந்த பெற்றோரின் அடிப்படைத் தொகையில் 75 சதவீதம் பிள்ளைக்கு 18 வயது வரை வரும், பள்ளிப் படிப்பு முடியாவிட்டால் 19 வரை நீளும். நடுவில் மாற்றாந்தந்தை தத்தெடுத்தாலும் பணம் தொடரும். அந்தப் பதிலை நம்பிப் பாலக்கோட்டிலோ பர்கூரிலோ ஒரு குடும்பம் விண்ணப்பம் போட்டுவிடக் கூடாது. இங்கே இருக்கும் பென்ஷனும் வேறு, அதன் விதியும் வேறு.

தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் பெரும்பாலான வீடுகளில் பேச்சுக்கு வருவது இபிஎஸ்-95, அதாவது பி.எஃப். பிடித்தம் உள்ள தொழிலாளி இறந்தால் குடும்பத்துக்கு வரும் பென்ஷன். ஓசூர் சிப்காட், எல்லை தாண்டினால் அத்திப்பள்ளி, பொம்மசந்திரா என்று வேலைக்குப் போகிறவர்களின் வீடுகள் இவை. பி.எஃப். இல்லாத கல்குவாரி, கட்டட வேலைக் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் கீழே வரும் நிலம் பற்றிய பகுதியை மட்டும் படித்தால் போதும்.

மறுமணத்தன்றே மாறும் கணக்கு

தத்தெடுப்பு பற்றிக் கேட்கிற பலருக்கும், பென்ஷன் அதற்கு முன்பே, மறுமணத்தன்றே மாறிவிட்டது என்பது தெரிந்திருக்காது. இபிஎஸ்-ல் மனைவிக்கு வரும் விதவை பென்ஷன் மறுமணம் வரைதான். பிள்ளைகளுக்குத் தலா விதவை பென்ஷனில் 25 சதவீதம், 25 வயது வரை, ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு. மூன்றாவது பிள்ளை இருந்தால், மூத்ததற்கு 25 முடிந்ததும் அதன் முறை வரும். முழுமையான, நிரந்தர ஊனமுள்ள பிள்ளைக்கு வயது வரம்பு இல்லை.

அம்மா மறுமணம் செய்த மறுநாளிலிருந்து விதவை பென்ஷன் நின்று, பிள்ளைகளின் பங்கு 25 சதவீதத்திலிருந்து 75 சதவீதமாக ஏறுகிறது. இதற்கு விதியில் உள்ள பெயர் 'அநாதை பென்ஷன்'. அம்மா உயிரோடு இருக்கிறார், புது அப்பாவும் வந்துவிட்டார், பிள்ளையை அநாதை என்று எழுதிக் கொடுப்பதா என்று அந்தச் சொல்லைப் பார்த்தே பின்வாங்குகிற குடும்பங்கள் உண்டு. அது பென்ஷன் கணக்கில் ஒரு தலைப்பு, அவ்வளவுதான். பிள்ளையின் எந்தச் சான்றிதழிலும் அந்தச் சொல் ஏறாது.

விதவை பென்ஷன் 3,000 ரூபாய், இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். மறுமணத்துக்கு முன் அம்மாவுக்கு 3,000, பிள்ளைகளுக்குத் தலா 750, ஆக 4,500. மறுமணத்துக்குப் பின் அம்மாவுக்கு ஒன்றுமில்லை, பிள்ளைகளுக்குத் தலா 2,250. கூட்டினால் அதே 4,500. குறைந்தபட்சத் தொகையில் போட்டாலும் இப்படியேதான்: 1,000, 250, 250 சேர்ந்து 1,500. அநாதை பென்ஷனின் குறைந்தபட்சம் 750, இரண்டுக்கு 1,500. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்குள் வரும் பணம் ஒரு ரூபாய்கூடக் குறைவதில்லை. ஒரே பிள்ளை என்றால்தான் இழப்பு: 3,750 வந்த இடத்தில் 2,250.

அப்படியிருந்தும் மறுமணத்தை மறைத்து, வருடா வருடம் "மறுமணம் செய்யவில்லை" என்று எழுதிக் கொடுப்பதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. 40 மாதம் கழித்து வெளியே வந்தால், அம்மா பெயரில் 1,20,000 ரூபாய் அதிகப் பட்டுவாடாவாக நிற்கும். இரண்டு பிள்ளைகளுக்கும் குறைவாக வந்த தொகையும், மாதம் தலா 1,500 வீதம், அதே 1,20,000 ரூபாய்தான். தாளில் சரிக்குச் சரி. ஆனால் இவை தனித்தனிக் கணக்குகள். அம்மா திருப்பிக் கட்ட வேண்டியது ஒரு கடிதம், பிள்ளைக்கு வர வேண்டிய நிலுவை வேறொரு கோப்பு. இரண்டும் ஒரே வேகத்தில் நகரும் என்று யாரும் உறுதி தர முடியாது. (ஒருபக்கம் மாநில அரசு டாக்டர் தருமாம்பாள் அம்மையார் நினைவு விதவை மறுமணத் திட்டத்தில் நிதியும் 8 கிராம் தங்கமும் கொடுத்து மறுமணத்தை ஊக்குவிக்கிறது. இன்னொரு பக்கம் பென்ஷன் விதி அதே மறுமணத்தைப் பார்த்ததும் தொகையை நிறுத்துகிறது. அந்தத் திட்டத்தில் பணம் வாங்கியவரின் மறுமணம் அரசுப் பதிவேட்டிலேயே இருக்கிறது. அதற்கு மேல் மறைத்து என்ன பயன்?)

இணையதளம் எப்படி இருக்கிறது

நடைமுறை முன்பைவிட எளிது. 2022 செப்டம்பர் 1 வரை தத்தெடுப்பு ஆணைக்கு நீதிமன்றம் போக வேண்டும். சிறார் நீதிச் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்தபின் ஆணை பிறப்பிப்பவர் மாவட்ட ஆட்சியர். விண்ணப்பம் தாக்கலான நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மாற்றாந்தந்தை தத்தெடுப்பில், திருமணமாகி இரண்டு வருடம் ஆகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. வெளிப்பிள்ளையைத் தத்தெடுக்கிறவர்களுக்கு உள்ள வயது வரம்பும் கிடையாது. அதனால் மறுமணம் பதிவான மறுமாதமே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்க முடியும் என்பதற்காக விண்ணப்பித்துவிடாதீர்கள், காரணம் கீழே வருகிறது.

கணவன் மனைவி இருவரும் சேர்ந்தே பதிய வேண்டும். பதிவில் மாற்றாந்தந்தை தத்தெடுப்புக்குத் தனி வாசல் இருக்கிறது. தவறிப்போய் பொதுவான தத்தெடுப்பு வரிசையில் பதிந்தால், யாரோ ஒரு குழந்தைக்காகக் காத்திருப்போர் பட்டியலில் போய் உட்கார்ந்துவிடுவீர்கள். பான் எண், வசிப்பிடச் சான்று, வருமானச் சான்று, மருத்துவச் சான்று, குடும்பப் புகைப்படம், பிள்ளையின் பிறப்புச் சான்று, முதல் கணவரின் இறப்புச் சான்று, திருமணப் பதிவுச் சான்று ஆகியவை வேண்டும். கோயிலில் தாலி கட்டிய போட்டோவும் ரசீதும் போதாது, சார்பதிவாளர் அலுவலகச் சான்றுதான் செல்லும். 2009-ன் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவதுதான் முறை. அம்மாவும் மாற்றாந்தந்தையும் ஒப்புதல் தர வேண்டும். பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்திருந்தால் அதன் ஒப்புதலும் வேண்டும். இதைச் சடங்காக நினைக்க வேண்டாம். பிள்ளையின் விருப்பத்தை அதன் வயதுக்கும் புரிதலுக்கும் ஏற்பக் கேட்டறிவது ஆட்சியரின் கடமை என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதுவரை 'சித்தப்பா' என்று கூப்பிட்டுவந்த பிள்ளையை, விசாரணையன்று காலையில் 'அப்பா' என்று சொல்லப் பழக்கி அழைத்துப்போவது எடுபடாது.

காகிதங்களைச் சரிபார்த்து ஆட்சியருக்கு அனுப்புவது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. மாவட்டத்துக்கு ஒன்றுதான். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்தவருக்குக் கிருஷ்ணகிரி போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் மூலச் சான்றுகள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் எடுத்துப் போவது நல்லது. அடிக்கடி இடறுவது எழுத்துப் பிழையில்தான்: இறப்புச் சான்றில் 'முருகேசன்', பிள்ளையின் பிறப்புச் சான்றில் 'முருகேஷ்', அம்மாவின் ஆதாரில் பழைய கணவர் பெயரே நிற்கிறது. பதிவைத் தொடங்குவதற்கு முன் இந்த மூன்றையும் ஒத்துப் பாருங்கள். பிள்ளை யார் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று தாத்தா பாட்டியோடு வழக்கு நடந்துகொண்டிருந்தால், அது முடியும்வரை தத்தெடுப்பு நகராது.

இதுவரை குறை சொல்ல அதிகமில்லை. ஆனால் பதிவு தொடங்கி ஆணை வரையிலான எந்தக் கட்டத்திலும் "இந்தப் பிள்ளைக்கு இறந்த தந்தை வழியில் பென்ஷன் வருகிறதா?" என்று கேட்டு எச்சரிக்கிற ஏற்பாடு இந்தச் சேவையில் இல்லை. தத்தெடுப்பின் விளைவை ஒரே வாக்கியத்தில் முடிக்கிற சட்டத்துக்கு இந்தக் கேள்வி அவசியம் வேண்டியது.

சட்டத்தின் 63-ம் பிரிவு என்ன செய்கிறது

ஆணை அமலுக்கு வரும் நாளிலிருந்து பிள்ளை, தத்தெடுத்த பெற்றோருக்கே பிறந்ததாகக் கருதப்படும். பிறந்த குடும்பத்தோடு இருந்த எல்லா உறவும் அறுபடும். இதுதான் சிறார் நீதிச் சட்டத்தின் 63-ம் பிரிவு. அதற்கு ஒரு விலக்கும் உண்டு: ஆணைக்கு முன்பே பிள்ளைக்கு உரிமையாகிவிட்ட சொத்து பிள்ளையிடமே இருக்கும்.

இதை மூன்று நிலைமைகளில் பொருத்திப் பார்க்கலாம். தந்தை இறந்தபோதே ஒட்டுமொத்தமாக வந்த பி.எஃப். பணம், இடிஎல்ஐ காப்பீட்டுத் தொகை ஆகியவை பிள்ளையின் கணக்கில் ஏறியிருந்தால் அவை போகாது. விவாகரத்தான தந்தை உயிரோடு இருக்கும்போதே ஒப்புதல் கொடுத்து, மாற்றாந்தந்தை தத்தெடுத்து, அதன்பின் அந்தத் தந்தை இறந்தால், அவர் வழிப் பென்ஷனுக்கு இந்தப் பிள்ளை குடும்ப உறுப்பினர் அல்ல. 1952-ன் பி.எஃப். திட்டத்தில் இது வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது: உறுப்பினரின் பிள்ளையை வேறொருவர் சட்டப்படி தத்தெடுத்திருந்தால், அந்தப் பிள்ளை உறுப்பினரின் குடும்பத்திலிருந்து விலக்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும்.

நடுவில் இருப்பதுதான் சிக்கல்: தந்தை இறந்து, பென்ஷன் ஓடிக்கொண்டிருக்கும்போது தத்தெடுப்பு. இபிஎஸ்-95 'குடும்பம்' என்பதற்குச் சொல்லும் பொருளில் உறுப்பினரின் மகன், மகள், உறுப்பினர் சட்டப்படி தத்தெடுத்த பிள்ளை எல்லாரும் வருகிறார்கள். வேறொருவர் தத்தெடுத்துக்கொண்டால் நிறுத்து என்ற பி.எஃப். திட்டத்து வாசகம் அங்கே இல்லை. பிள்ளையின் பக்கம் நின்று வாதாட இது ஒரு பிடி. பென்ஷன் கருணைத் தொகை அல்ல, சொத்து என்று தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1971-ல் சொன்னது இரண்டாவது பிடி. அரசு ஊழியர் பென்ஷன் பற்றிய தீர்ப்புதான் அது. என்றாலும் ஆணைக்கு முன்பே அனுமதியான பென்ஷன் 'உரிமையாகிவிட்ட சொத்து' என்ற விலக்குக்குள் வரும் என்று வாதாட வலுவான அடித்தளம் தருகிறது. எதிர்ப்பக்கத்தில் "எல்லா உறவும் அறுபடும்" என்ற வரி இருக்கிறது.

ஆகவே எங்கள் கணிப்பு இது. தத்து ஆணைக்கு முன்பே பிள்ளை பெயரில் பி.பி.ஓ., அதாவது பென்ஷன் வழங்கும் உத்தரவு வந்து, பணமும் வரத் தொடங்கியிருந்தால் பிள்ளையின் நிலை பலமானது. விண்ணப்பமே போடாமல் தத்தெடுத்துவிட்டு, பிறகு புதுப் பிறப்புச் சான்றில் மாற்றாந்தந்தை பெயரோடு போய்ப் பென்ஷன் கேட்டால், அதுதான் எல்லாவற்றிலும் பலவீனமான நிலை. முதலில் பென்ஷன், பிறகு தத்து. இந்த வரிசையை மட்டும் மாற்றக் கூடாது.

வரிசை எப்படிப் போக வேண்டும் என்றால், மறுமணம் பதிவானதும் அம்மா பி.எஃப். அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பிள்ளைகளுக்கு 75 சதவீதம் கோர வேண்டும். பி.பி.ஓ. நகல், திருமணப் பதிவுச் சான்று, ஒவ்வொரு பிள்ளையின் பிறப்புச் சான்று, ஒவ்வொருவருக்கும் தனி வங்கிக் கணக்கு. இதுவரை பென்ஷனே கோராதவர்கள் படிவம் 10-டி போட வேண்டும். அதில் மூன்றாவது பிள்ளையின் பெயரையும் பிறந்த தேதியையும் இப்போதே எழுதிவிட வேண்டும். அதன் முறை பத்து வருடம் கழித்து வரும்போது அதுதான் ஆதாரம். மைனர் பிள்ளையின் சொந்தக் கணக்கில் பணம் போவதாக இருந்தால் நீதிமன்றப் பாதுகாவலர் சான்று வேண்டியதில்லை என்று 2025 ஆகஸ்டில் பி.எஃப். நிறுவனம் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. கவுன்ட்டரில் யாராவது அந்தச் சான்றைக் கேட்டால் இதைச் சொல்லலாம். பாதுகாவலர் இடத்தில் கையெழுத்து அம்மாவுடையது. இந்து மைனர் மற்றும் பாதுகாவலர் சட்டத்தில் 'தந்தை' என்ற சொல்லுக்குள் மாற்றாந்தந்தை வரமாட்டார். தத்தெடுப்புக்கு முன் அவர் போட்ட கையெழுத்துக்காகவே விண்ணப்பம் திரும்பும்.

எந்த அலுவலகம் என்பது இறந்தவரின் பி.எஃப். எண்ணைப் பொறுத்தது, உங்கள் ஊரைப் பொறுத்தது அல்ல. வேலை எல்லைக்கு அந்தப் பக்கம் என்றால் கோப்பு பெங்களூருப் பக்க அலுவலகத்தில் இருக்கலாம். பென்ஷன் வாங்கும் வங்கி பற்றிக் கவலையில்லை, 2025 ஜனவரி முதல் மையப் பட்டுவாடா முறை வந்ததால் எந்த வங்கிக் கிளையிலும் வாங்கலாம். ஒவ்வொரு மாதமும் 27-ம் தேதி மாவட்டந்தோறும் பி.எஃப். நிறுவனத்தின் 'நிதி ஆப்கே நிகட்' குறைதீர்ப்பு முகாம் நடக்கிறது. பஸ் செலவை மிச்சப்படுத்த அதுதான் வழி. அங்கே வாயால் கேட்டுவிட்டு வராமல், எழுத்தில் கொடுத்துக் கையொப்பமிட்ட நகல் வாங்குங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பதாக இருந்தால் "என் பிள்ளைக்குப் பென்ஷன் நிற்குமா?" என்று கேட்காதீர்கள். கருத்து சொல்வது அந்தச் சட்டத்தின் வேலை அல்ல. "பென்ஷன் பெறும் பிள்ளை தத்தெடுக்கப்பட்டால் பின்பற்ற வேண்டிய சுற்றறிக்கையின் நகல்" என்று கேளுங்கள்.

இனிஷியலும் ஆதாரும்

சட்டத்தைவிட நடைமுறையில் பென்ஷனை அதிகம் நிறுத்துவது இதுவாகத்தான் இருக்கும். தத்து ஆணைக்குப் பின் புதுப் பிறப்புச் சான்று. அதில் மாற்றாந்தந்தை பெயர். அதை வைத்துப் பள்ளியில் 'மு. கவின்' என்பது 'ச. கவின்' ஆகிறது. ஆதாரிலும் மாற்றுகிறார்கள். பி.பி.ஓ.வில் இன்னும் 'மு. கவின்'. வருடாந்திர உயிர்வாழ்வுச் சான்று ஆதாரை வைத்து ஏறுவது. பெயர் ஒத்துவராவிட்டால் சான்று நிராகரிக்கப்படும், பென்ஷன் நிற்கும். யாரும் வேண்டுமென்று நிறுத்தவில்லை, ஓர் எழுத்து நிறுத்திவிட்டது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த முடியும் என்பதால் மாற்றி மாற்றிப் பார்க்கவும் வழியில்லை. ஆதாரை மாற்றுவதற்கு முன்பே பென்ஷன் பதிவில் பெயர் மாற்றக் கோரி, பழைய பிறப்புச் சான்று, புதுச் சான்று, ஆட்சியர் ஆணை மூன்றின் நகலையும் கொடுத்துவிட வேண்டும். பழைய பிறப்புச் சான்றின் மூலத்தை ஒப்படைக்கும் முன் சான்றொப்பமிட்ட நகல் நான்கு எடுத்து வையுங்கள்.

பள்ளியில் இனிஷியல் மாற வேண்டும் என்பதற்காக மட்டுமே தத்தெடுப்பை யோசிப்பவர்கள் நிதானிக்கலாம். தமிழ்நாட்டில் அம்மாவின் முதலெழுத்தையே இனிஷியலாக வைத்துக்கொள்ளலாம். இனிஷியலுக்காக ஒரு பென்ஷனைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

தாத்தாவின் நிலம்

பென்ஷனைவிடப் பெரிய இழப்பு இங்கே இருக்கலாம். அரூர், பென்னாகரம், ஊத்தங்கரைப் பக்கம் நிலம் பெரும்பாலும் தாத்தா பெயரிலேயே இருக்கும். மகன் முந்திப் போய்விட்டால், தாத்தா உயில் எழுதாமல் இறக்கும்போது, இறந்த மகனின் பிள்ளை 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதல் வகுப்பு வாரிசு. அந்தப் பிள்ளையை மாற்றாந்தந்தை தத்தெடுத்துவிட்டால் அந்த வாரிசு உறவும் அறுபடுகிறது. தாத்தா உயிரோடு இருக்கும்வரை அவருடைய சொந்த நிலத்தில் பேரனுக்கு உரிமையாகிவிட்ட பங்கு எதுவும் இல்லை. அதனால் மேலே சொன்ன விலக்கும் உதவாது. தந்தை பெயரிலேயே இருந்த நிலம் வேறு. அவர் இறந்த கணமே பிள்ளையின் பங்கு பிள்ளைக்கு வந்துவிட்டது, தத்து அதைப் பறிக்காது. ஆனால் வாரிசுச் சான்றில் பிள்ளை பெயர் ஏறி, பட்டாவும் மாறிய பிறகு தத்துக்குப் போவதுதான் புத்தி. தாத்தா மனமிருந்து பேரன் பெயருக்கு உயிலோ தானசெட்டில்மென்டோ எழுதினால் தத்து ஒரு தடையில்லை. தத்தெடுப்பை எதிர்க்கும் தாத்தாக்களுக்கும், அதை ஆதரிக்கச் சொல்லித் தூண்டும் பெரியப்பாக்களுக்கும் இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும்.

புது அப்பாவின் பக்கம் என்ன வருகிறது

இழப்பை மட்டும் பேசினால் சேவைக்கு நியாயம் செய்ததாகாது. தத்தெடுக்காத மாற்றுப் பிள்ளை, மாற்றாந்தந்தையின் இபிஎஸ் பென்ஷனில் 'மகன், மகள்' ஆகாது. மனைவி இருக்கும்போது பி.எஃப். நியமனம் குடும்ப உறுப்பினருக்குத்தான் செல்லும் என்பதால் அந்தப் பிள்ளையை நாமினியாகவும் போட முடியாது. தத்தெடுத்தால் இரண்டும் கிடைக்கும். இஎஸ்ஐ-யிலும் சார்ந்தோர் பட்டியலில் 'சட்டப்படியான அல்லது தத்தெடுத்த' பிள்ளைதான் இருக்கிறது.

ஆகவே நான்கு வயதுப் பிள்ளை, ஓசூரில் பி.எஃப்., இஎஸ்ஐ இரண்டும் உள்ள நிரந்தர வேலையில் மாற்றாந்தந்தை, தாத்தா வழி நிலம் இல்லை என்றால், வரிசைப்படி பென்ஷனை வாங்கிவிட்டுத் தத்தெடுக்கலாம். பதினாறு வயதுப் பிள்ளை, மாதம் 1,800 ரூபாய் அநாதை பென்ஷன், மாற்றாந்தந்தைக்குப் பி.எஃப். இல்லாத தொழில் என்றால் வேண்டாம் என்போம். இன்னும் 108 மாதம், 1,94,400 ரூபாய் பாக்கியிருக்கிறது. அதை விவாதத்துக்குரியதாக ஆக்கிக்கொள்வதற்குப் பதில், மாற்றாந்தந்தை தன் சொத்தைப் பிள்ளைக்கு உயில் எழுதலாம், பிள்ளை பெயரில் வைப்புநிதி போடலாம்.

விபத்தில் வேலையிடத்தில் இறந்தவரின் இஎஸ்ஐ சார்ந்தோர் பயன் தனிக் கணக்கு. மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு, பிள்ளைகளுக்குத் தலா ஐந்தில் இரண்டு. கூட்டல் மிஞ்சினால் எல்லாம் விகிதப்படி குறையும். அதனால் இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் அம்மா மறுமணம் செய்தால், ஏழில் இரண்டு பங்கு வாங்கிவந்த பிள்ளைக்கு முழு ஐந்தில் இரண்டு கிடைக்க வேண்டும். அது தானாக ஏறும் என்று காத்திருக்காமல் கிளை அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். 2003 ஏப்ரலுக்கு முன் சேர்ந்த மாநில அரசு ஊழியரின் குடும்ப ஓய்வூதியத்தில், மறுமணமானதும் அது வெட்டில்லாமல் பிள்ளைகளுக்கு மாறும். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைக்குத்தான், மூத்தது முதலில்.

குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாக, மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசுத் திட்டத்தின் மாத உதவித்தொகை (ஸ்பான்சர்ஷிப்) 4,000 ரூபாய் வாங்கும் பிள்ளை என்றால் இன்னொன்றும் உண்டு. கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. தத்து விண்ணப்பத்தில் புது அப்பாவின் வருமானச் சான்றை வாங்கிப் பார்ப்பதும் அதே அலகுதான்.

பத்திர எழுத்தர் சொல்லும் குறுக்கு வழி

சார்பதிவாளர் அலுவலக வாசலில் "கலெக்டர் வரை எதற்கு, தத்துப் பத்திரம் போட்டுவிடலாம்" என்பார்கள். 1956-ன் இந்து தத்தெடுப்புச் சட்டத்தில் அதற்கு இடமுண்டு. ஆனால் பிள்ளைக்கு 15 வயது முடிந்திருக்கக் கூடாது. தத்தெடுப்பவருக்கு ஏற்கெனவே மகன் இருந்தால் இன்னொரு மகனையும், மகள் இருந்தால் இன்னொரு மகளையும் எடுக்க முடியாது. மாற்றாந்தந்தை பெண் பிள்ளையை எடுத்தால் இருவருக்கும் 21 வயது வித்தியாசம் வேண்டும். மறுமணம் செய்யும் ஆணுக்கு முதல் தாரத்துப் பிள்ளை இருப்பது சகஜம் என்பதால், இரண்டாவது நிபந்தனையிலேயே பல பத்திரங்கள் செல்லாமல் போகும். பென்ஷன் விஷயத்திலும் இது தப்பிக்கும் வழியல்ல, உறவு அறுபடும் என்ற அதே விதி இங்கேயும் 12-ம் பிரிவாக இருக்கிறது. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இந்தப் பத்திரம் பொருந்தாது, அவர்களுக்கு கேரிங்ஸ் வழிதான். முஸ்லிம்களும் சிறார் நீதிச் சட்டத்தில் தத்தெடுக்கலாம் என்று 2014-ல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

மதிப்பெண்: இணையப் பதிவுக்கும் ஆட்சியர் நடைமுறைக்கும் ஐந்துக்கு மூன்றரை. விலை பூஜ்யம், கால வரம்பு தெளிவு, மத வேறுபாடு இல்லை. பென்ஷனோடு ஒருங்கிணைப்புக்கு ஐந்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் 63-ம் பிரிவின் விலக்குக்காக. விண்ணப்பிப்பவர்கள் ஒரே பையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: பிள்ளை பெயரில் வந்த பி.பி.ஓ., முதல் வரவு பதிந்த பாஸ்புக் பக்கத்தின் நகல், வாரிசுச் சான்று, பழைய பிறப்புச் சான்றின் நகல்கள், 27-ம் தேதி முகாமில் வாங்கிய கையொப்ப நகல்.